ஆறடி நாலங்குலத்துக்கு எந்த மினி டிராக்டர்?

மினி டிராக்டர் வாங்கப் போகிறவரிடம் ஷோரூமில் முதலில் கேட்பது எத்தனை ஏக்கர் என்று. அடுத்து என்ன பயிர், ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) எத்தனை அடி, மானியத்துக்கு எழுதியிருக்கிறீர்களா, லோன் வேண்டுமா. உயரம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை, எந்த வண்டியில் ஏறினாலும் ஓரளவு பொருந்திவிடும். ஆறடியைத் தாண்டி இன்னும் மூன்று நான்கு அங்குலம் போகிறவருக்கோ, எச்பி, பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கும் லிஃப்ட், மைலேஜ் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது அதைத்தான்.

என் அக்கா மகன் ஆறடி நாலங்குலம், அதாவது 193 செ.மீ. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. அதில் ஒரு பகுதியில் ஊடுபயிராக வாழை. அவனுக்கு வண்டி பார்க்கப் போனபோதுதான் இந்தக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து போட வேண்டியிருந்தது. 20 எச்பி மினியில் ஏறியவனுக்கு இரண்டு முட்டியும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் நின்றன. வலது பக்கம் திருப்பினால் விரல் முட்டியில் இடித்தது. விற்பனைக்கு நின்ற பையன் சிரித்துக்கொண்டே, "ஓட்ட ஓட்டப் பழகிக்குமுங்க" என்றான். இவன் என்னைப் பார்த்து, "எது பழகிக்கும் மாமா, நானா, என் முட்டியா?" என்றான்.

பழகாது. அதற்குக் காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஏன் இடிக்கிறது

நம் நாட்டு விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளைப் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் மற்ற மையங்களோடு சேர்ந்து எடுத்திருக்கிறது. அதில் ஆண்களின் சராசரி உயரம் சுமார் 163 செ.மீ. இங்கே விற்கிற வண்டி அந்த அளவைச் சுற்றித்தான் வரும். அது தப்பும் இல்லை. 193 செ.மீ. ஆள் சராசரியைவிட ஒரு அடி உயரம். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் ஈடுகட்டக்கூடிய வித்தியாசம் அல்ல அது.

இன்னொரு காரணம் மினி என்பதே. வரிசைக்குள் நுழைய வேண்டும் என்பதால் அகலத்தைக் குறைக்கிறார்கள். கிளைக்கும் பந்தலுக்கும் அடியில் போக வேண்டும் என்பதால் உயரத்தைக் குறைக்கிறார்கள். குறுகிய இடத்தில் திரும்ப வேண்டும் என்பதால் நீளத்தையும் குறைக்கிறார்கள். ஆனால் கியர்பாக்ஸையும் ஹைட்ராலிக் பெட்டியையும் ஓர் அளவுக்கு மேல் சுருக்க முடியாது. ஆகவே ஓட்டுநர் உட்காரும் இடம்தான் சுருங்குகிறது. நடுவில் கியர்பாக்ஸ் முதுகு மாதிரி எழும்பி நிற்க, கால் இரண்டும் அதற்கு இருபுறமும் உள்ள சின்னத் தட்டுகளில் நிற்கும். பக்கத்திலேயே மட்கார்டு. வலது தொடையை ஒட்டி, லிஃப்டை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் லீவர். சீட்டுக்குப் பின்னால் நகர இடமில்லாமல் லிஃப்ட் பெட்டி.

உயரமான ஆளுக்கு இதில் முதலில் அடி வாங்குவது முட்டி. சீட் தாழ்வாக, கால்தட்டு கிட்டத்தில் இருப்பதால் முழங்கால் 90 டிகிரிக்கும் குறைவாக மடங்கும். தொடையின் பாரம் சீட்டில் பரவாமல் இடுப்பெலும்பின் அடியிலேயே இறங்கும். கிளட்ச் மிதிக்க வேண்டுமானால் காலை நீட்டுவதற்குப் பதில் தொடையைத் தூக்க வேண்டும். தூக்கினால் ஸ்டீயரிங் தடுக்கும். அதோடு ஸ்டீயரிங் தாழ்வாக இருப்பதால் முதுகு கூனும். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்புக்கு மிகவும் ஆகாதது நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் வரும் அதிர்வு. கட்டி மண்ணில் ஓடும் டிராக்டர் சீட்டில் வருவது ஏறக்குறைய அதேதான். நிமிர்ந்த முதுகு தாங்குகிற அதிர்வைக் கூனிய முதுகு தாங்காது. மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்குக் காரணம் வயதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பாதம் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பதினோராம் நம்பர் செருப்புப் போடுகிறவரின் பாதம், இரண்டு பிரேக் பெடலுக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளியில் தவறி இரண்டையும் சேர்த்து மிதிக்கும். இடது பக்கம் கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸ் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். வலி வந்தாலாவது வேலையை நிறுத்திவிடலாம். இது விபத்தில் முடியக்கூடியது.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

ஆறடி நாலங்குலம் என்கிற ஒரே எண் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். சுவரை ஒட்டி ஒரு முக்காலியில் முதுகு ஒட்ட உட்கார்ந்து மூன்று அளவு எடுங்கள்: முக்காலியிலிருந்து உச்சந்தலை வரை, சுவரிலிருந்து முட்டியின் முன்பக்கம் வரை, தரையிலிருந்து முட்டியின் மேல்பக்கம் வரை. கடைசி அளவை வயலில் போடும் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். 193 செ.மீ. ஆளுக்குப் பொதுவாக முதலாவது ஒரு மீட்டரை ஒட்டியும், இரண்டாவது 65 செ.மீ. பக்கத்திலும், மூன்றாவது 60 செ.மீ. பக்கத்திலும் இருக்கும்.

கால் நீளமானவர் பார்க்க வேண்டியது சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம், தொடைக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இடைவெளி. உடம்பு நீளமானவருக்குத் தலைக்கு மேல் உள்ள இடம்தான் கணக்கு: வெயிலுக்கான டாப், கிளை, பந்தல், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கவிழ்வுச் சட்டகம். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஒன்றைத் தீர்க்கும் வழி சில சமயம் மற்றதைக் கெடுக்கும்.

எச்பி எதையும் சொல்லாது

பெரிய எச்பி என்றால் பெரிய இடம் என்று நினைத்துத்தான் பலரும் தேடத் தொடங்குகிறார்கள். பாதிதான் உண்மை. ஒரே சட்டகத்தில் இரண்டு மூன்று எஞ்சின்களைப் பொருத்தி, எச்பியை மட்டும் மாற்றி விற்பது எல்லாக் கம்பெனியும் செய்வது. 21 எச்பியில் இடித்த முட்டி, அதே சட்டகத்தின் 27 எச்பியிலும் இடிக்கும். பணம் மட்டும் கூடும்.

வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், பார்த்தால் தெரியுமா? அதுவும் முழுதாகத் தெரியாது. குபோட்டா பி 2441 மாடல் 24 எச்பி, வீல்பேஸ் சுமார் 1,560 மி.மீ. அதே கம்பெனியின் எல் 3408 மாடல் 34 எச்பி, வீல்பேஸ் சுமார் 1,610 மி.மீ. வித்தியாசம் மூன்று விரல் அகலம்கூட இல்லை. ஆனால் முன்னது சுமார் மூன்றரை அடி அகலம், பின்னது கிட்டத்தட்ட நாலேமுக்கால் அடி. அந்தக் கூடுதல் அகலத்தில்தான் கால் வைக்கும் இடமும் மட்கார்டு விலகலும் கிடைக்கின்றன. ஆகவே நோட்டீசில் பார்க்க வேண்டியது நீளத்தைவிட அகலம். அதற்கும் மேலாக, நோட்டீசில் இல்லாத சமாச்சாரங்கள்: கியர் லீவர் கால்களுக்கு நடுவிலா பக்கத்திலா, கால்தட்டு முழுத் தளமா இரண்டு துண்டா, பெடல் மேலிருந்து தொங்குகிறதா தரையிலிருந்து எழும்புகிறதா, ஸ்டீயரிங் சாய்கிறதா, சீட் எத்தனை செ.மீ. நகர்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அவற்றை இணையத்தில் பார்க்கலாம். எஞ்சின், லிஃப்ட் விவரங்களோடு, ஓட்டுநர் சீட் இந்தியத் தரநிலைப்படி இருக்கிறதா என்பதையும் அதில் அளந்து எழுதுகிறார்கள். விற்பனையாளர் சொல்வதைவிட நம்பகமானது. வண்டியை நேரில் பார்க்கும் முன் இதைப் பார்த்தாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

20 முதல் 24 எச்பி: ஒல்லியான மினிகள்

மகிந்திரா ஜிவோ 225, 245, விஎஸ்டி சக்தி எம்டி வரிசை, குபோட்டா நியோஸ்டார் ஏ 211என், பி 2441, சோனாலிகாவின் ஜிடி வரிசை எல்லாம் இந்தக் கூட்டம். வாழை, கரும்பு, பருத்தி, திராட்சை என்று வரிசைக்குள் போய் வேலை செய்வதற்கென்றே வந்தவை. ஜிவோ 245 இரண்டு சிலிண்டரில் 24 எச்பி, ஃபோர் வீல் டிரைவ், 750 கிலோ தூக்கும். பி 2441 மூன்று சிலிண்டர், அதுவும் 750 கிலோ. வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆறடிவரை உள்ளவருக்கு இதில் ஒன்றிரண்டு பொருந்தும். ஆறடி இரண்டங்குலத்துக்கு மேல் போனால், என் பார்வையில், இந்த வகையை முழுநாள் வண்டியாக எடுக்கக் கூடாது. காலையில் இரண்டு மணி நேரம் களை ஓட்டிவிட்டு இறங்குவது வேறு. நாள் முழுக்கக் கிளட்ச் மிதித்துத் திருப்பித் திருப்பி ஓட்டுவது வேறு. வரிசை குறுகல் என்பதால் வேறு வழியே இல்லை என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். வந்தால் சீட் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

11 எச்பி ஸ்வராஜ் கோட் மாதிரி இன்னும் சின்னவற்றை உயரமான ஆள் பார்க்கவே வேண்டாம். நல்ல இயந்திரம்தான், இவருக்கானது இல்லை.

27 முதல் 30 எச்பி வரை

தேடலில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஜான் டியர் 3028 இஎன், மகிந்திரா ஓஜா வரிசையின் 2127, 2130, குபோட்டா பி 2741, ஸ்வராஜ் டார்கெட் 630, சோலிஸ் 2516, மாஸி ஃபெர்குசன் 6028 எல்லாம் இந்த வரிசை. எல்லாமே ஃபோர் வீல் டிரைவில் கிடைக்கின்றன. எச்பி கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் உட்காரும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு.

3028 இஎன் சுமார் 1,070 கிலோ எடை, லிஃப்ட் 910 கிலோ. உயரமான ஆளுக்கு இதில் பிடிக்க வேண்டியது முன்னும் பின்னும் மாற்றும் தனி லீவர். 8 முன், 8 பின் கியர். தோப்பில் மரத்துக்கு மரம் முன்னே போய்ப் பின்னே வரும் வேலைதான் அதிகம். அதற்காகக் காலுக்கு நடுவே குனிந்து கியர் தேடாமல் இருப்பதே பெரிய நிம்மதி. கிளட்ச் மிதிக்கத்தான் வேண்டும். ஆனால் உடம்பு வளைவது குறையும்.

ஓஜாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அறிமுகப்படுத்தினார்கள். ஜப்பானின் மிட்சுபிஷி மகிந்திரா நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது. தயாரிப்பு தெலங்கானாவின் ஜஹீராபாதில். இந்தியாவோடு அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா என்று பல சந்தைகளை மனதில் வைத்தே செய்த வண்டி. அமெரிக்க ஆளும் உட்கார வேண்டும் என்ற நினைப்பு இருந்தால் உட்காரும் இடம் கொஞ்சமாவது தாராளமாக வரும் என்பது என் ஊகம். ஆனால் ஊகத்துக்குப் பணம் கொடுக்க முடியாது, ஏறித்தான் பார்க்க வேண்டும். 12 முன், 12 பின் கியரும், சாய்வை மாற்றும் ஸ்டீயரிங்கும் இதில் உண்டு. நீளக்காலருக்கு இந்தச் சாய்வு சின்ன விஷயம் இல்லை. இரண்டு அங்குலம் மேலே போனால் தொடைக்கு உயிர் வரும். நீங்கள் எடுக்கப்போகும் வேரியண்டில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிமுகத்தின்போது புனே ஷோரூம் விலை 27 எச்பிக்கு 5,64,500 ரூபாய், 40 எச்பிக்கு 7,35,000 ரூபாய். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

ஆறடி மூன்றுவரை உள்ளவருக்கு இந்த வரிசையில் ஏதாவது ஒன்று நிச்சயம் அமையும் என்று நினைக்கிறேன். நாலங்குலத்தில் சீட்டைக் கடைசிப் பல்லுக்குத் தள்ளி உட்கார வேண்டிவரும். அதற்கு மேல் கொஞ்சம் பட்டறை வேலையும் தேவைப்படலாம்.

35 எச்பிக்கு மேல்: முழு அளவு வண்டி

24 எச்பி ஃபோர் வீல் மினிக்குக் கொடுக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் 36 முதல் 39 எச்பி வரையிலான டூ வீல் டிரைவ் வண்டி வந்துவிடும். மாஸி 1035 டிஐ, மகிந்திரா 275 டிஐ எல்லாம் ஊரில் எல்லாரும் அறிந்தவை. 1035-இன் எடை 1,700 கிலோவைத் தாண்டும், வீல்பேஸ் 1,830 மி.மீ. சீட் உயரத்தில் இருக்கும். கால் நன்றாகத் தொங்கும். அதனால் உயரமான ஆள் ஏறியவுடன் "அப்பாடா" என்பார்.

ஆனால் பழைய பாணி வண்டிகளில் கியர் லீவர் இன்னும் கால்களுக்கு நடுவில்தான். 1035 அப்படித்தான். முட்டிக்கும் லீவருக்கும் தகராறு வரும், மினியில் வந்த அளவுக்கு இல்லை. அகலம் ஐந்தரை அடி பக்கத்தில், அதனால் ஆறடி வாழை வரிசைக்குள் இதை விட்டால் வாழை மிஞ்சாது. டூ வீல் டிரைவ் என்பதால் ஈரத் தோப்பில் வழுக்கும்.

இரண்டுக்கும் நடுவே குபோட்டா எல் 3408, ஓஜா 3132, 3136, 3140 மாதிரி ஃபோர் வீல் வண்டிகள் இருக்கின்றன. சேற்று உழவும் தோப்பு வேலையும் இரண்டும் உள்ள, ஆறடி நாலங்குலத்துக்கு மேற்பட்ட ஆளுக்கு என் முதல் தேர்வு இந்த நடு வரிசை. விலை உறுத்தும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் உட்காரப் போகிற சீட் அது.

பவர் டில்லரைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். கைப்பிடிக்குக் குனிந்தே நடக்க வேண்டும். பின்னால் சீட் மாட்டினால் முட்டி நெஞ்சுக்கு வரும். வேண்டாம்.

உங்கள் தோட்டம் என்ன சொல்கிறது

தென்னைக்கு 25 அடி இடைவெளி. எந்த டிராக்டரும் போகும். அங்கே மினிதான் வேண்டும் என்பதே வழக்கத்தால் வந்த பேச்சு. தாழ்ந்த மட்டையுள்ள இளந்தோப்பில் மட்டும் தலை கவனம். பாக்குக்கு ஒன்பது அடி, நாலேமுக்கால் அடி வண்டி தாராளமாகப் போகும். வாழை ஆறடி, மூன்றரை அடி வண்டி சுகமாகவும், நாலேகால் அடி வண்டி இலை கிழியாமல் போவது கஷ்டமாகவும் இருக்கும். ஐந்தடி கரும்பில் ஒல்லி மினி தவிர வேறு எதுவும் வேண்டாம், அதுவும் கரும்பு வளரும்வரைதான்.

திராட்சைப் பந்தல்தான் உயரமான ஆளுக்கு எதிரி. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆறு ஏழு அடியில் இருக்கும். கொத்து அதற்கும் கீழே தொங்கும். ஒரு மினியின் சீட் தரையிலிருந்து 85 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 193 செ.மீ. ஆளின் உட்கார்ந்த உயரம் ஒரு மீட்டர். மொத்தம் 185 செ.மீ., ஆறடிக்கு ஓர் அங்குலம் அதிகம். தலை நேராகக் கொத்துக்குள் போகும். குனிந்து ஓட்டினால் முதுகு போகும். முட்டிக்காகச் சீட்டை உயர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். பந்தல் வைத்திருக்கும் மிக உயரமான விவசாயிக்கு நான் சொல்வது, பந்தலுக்குள் வேறு ஆள் ஓட்டட்டும். அரசு வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். ஊரிலும் மினி வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கென்று சொந்த வண்டி வாங்கி அதில் தானே கஷ்டப்பட்டு உட்கார்வதில் லாபம் எதுவுமில்லை.

பட்டறையில் எவ்வளவு சரிசெய்யலாம்

சீட்டைப் பின்னால் தள்ளுவதுதான் முதல் வேலை. சீட்டைக் கழற்றிவிட்டு அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். லிஃப்ட் பெட்டியின் மூடி, டூல் பாக்ஸ், சட்டகத்தின் அடித்தளம் இவற்றில் எது முதலில் தடுக்கிறதோ அதுவரைதான் போகலாம். டூல் பாக்ஸை வேறிடத்துக்கு மாற்றினாலே சில வண்டிகளில் இரண்டு அங்குலம் கிடைக்கும். 8 அல்லது 10 மி.மீ. இரும்புத் தகட்டில் பழைய ஓட்டையும், ஐந்து ஆறு செ.மீ. பின்னால் புது ஓட்டையும் போட்டு, நடுவில் வைத்து நல்ல போல்ட்டால் இறுக்கினால் போதும். பழைய தண்டவாளம் அப்படியே இருக்கட்டும். ஒரு நாள் ஐந்தடி நாலங்குல டிரைவர் ஓட்ட வேண்டிவந்தால் அவர் கால் பிரேக்கை எட்ட வேண்டும்.

கியர்பாக்ஸ், லிஃப்ட் பெட்டி எல்லாம் வார்ப்பிரும்பு. அதன்மேல் நேராக வெல்டிங் வைக்க எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள், விரிசல் விடும். கவிழ்வுச் சட்டகத்திலும் ஓட்டையோ வெல்டிங்கோ கூடாது. எலெக்ட்ரானிக்ஸ் உள்ள வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

சீட்டை உயர்த்துவது அடுத்த வழி. பின்னால் தள்ளுவதோடு ஓர் அங்குலம் உயர்த்தினால் முழங்கால் விரிந்து முட்டி இறங்கும். கால் நீளமானவருக்கு நல்லது, உடம்பு நீளமானவருக்கு ஆகாது. சஸ்பென்ஷன் சீட் வாங்கிப் போட்டால் அதிர்வு குறையும். ஆனால் அதன் அடிப்பகுதியே சில அங்குலம் உயரம் பிடிக்கும். வாங்கும் முன் அந்த உயரத்தை அளந்து, தொடைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே மிச்சம் இருக்குமா என்று பாருங்கள்.

சீட்டை உயர்த்தாமல் கால்தட்டை இறக்கலாமே என்று என் அக்கா மகன் கேட்டான். நல்ல யோசனைதான், பாதி வேலை செய்யும். கால் ஓய்வெடுக்கும் இடம் தாழும். பெடல் பழைய இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அவசரத்தில் பிரேக் தேடும்போது அந்தத் தூக்கல்தான் தாமதம். பெடலை வெட்டி ஒட்டும் வேலைக்கு மட்டும் போகவே கூடாது.

ஹைட்ராலிக் லீவரை மறக்காதீர்கள். சீட் பின்னால் போனதும் தொடை லீவருக்கு நேராக வரலாம். திரும்பிப் பார்க்கும்போது தொடை பட்டு ரொட்டவேட்டர் தானாக இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலைக்கு மேல்

கவிழ்வுச் சட்டகம், அதாவது ராப்ஸ், உள்ள வண்டியை எடுப்பது எல்லாருக்கும் நல்லது. உயரமான ஆள் ஒரு படி கூடப் பார்க்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் சட்டகத்தின் உச்சியும் பானெட்டின் முன்பக்கமும் தரையில் படும். அந்த இரண்டுக்கும் இடையிலான கோட்டுக்குக் கீழே தலை இருந்தால்தான் சட்டகம் காப்பாற்றும். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருவரை விட்டு ஒரு நீளக் கயிற்றைச் சட்டகத்தின் உச்சியிலிருந்து பானெட் முனைக்கு இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தலை கயிற்றில் தட்டினால் அந்தச் சீட் உயரம் உங்களுக்கு ஆகாது. பெல்ட் போடாமல் சட்டகத்தால் பயனில்லை. தோப்புக்குள் மடக்கிய சட்டகத்தை வரப்பு ஏறும் முன் நிமிர்த்தாமல் விடுவதும் அப்படித்தான்.

வெயிலுக்குப் போடும் டாப்பை மட்டும் உயரத்தைச் சொல்லிச் செய்து வாங்கலாம், அது எளிது.

உட்கார்ந்து பார்ப்பது

ஷோரூம் தரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். வயல் செருப்போடு போங்கள். சீட்டைக் கடைசிவரை தள்ளிவிட்டுக் கிளட்ச்சை முழுதாக மிதித்த நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். கை முட்டியில் படக்கூடாது. தொடைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக மிதித்துப் பாருங்கள். பின்னால் ரொட்டவேட்டரைப் பார்க்கத் திரும்பினால் இடுப்பு மட்கார்டில் இறுகுகிறதா என்பதும் முக்கியம். அப்புறம் டெமோவுக்கு வண்டியை உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லி ஒரு மணி நேரமாவது ரொட்டவேட்டரோடு ஓட்டுங்கள். முதல் கால் மணி நேரம் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

டெமோ தர முடியாது என்கிற கடையில் வாங்க வேண்டாம். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்து ஊரில் தேடுவது அதைவிடச் சுலபம்.

கடைசியில் அக்கா மகன் விஷயம். தென்னையில் இட நெருக்கடி இல்லை. வாழை தோப்பின் ஒரு மூலையில்தான். அந்த மூலைக்காக முழு வண்டியையும் ஒல்லியாக வாங்குவதில் அர்த்தமில்லை என்று தீர்மானித்தோம். 30 எச்பிக்குக் கீழே பார்த்ததில் இரண்டு வண்டிகள் அவனுக்கு ஓரளவு ஒத்துவந்தன, 35-க்குப் பக்கத்தில் ஒன்று நன்றாகவே பொருந்தியது. அவன் மனம் அந்த மூன்றாவதில். வாழைக்கு வாடகை மினி. அடுத்த கன்று நடும்போது அந்த மூலையை இரட்டை வரிசை முறைக்கு மாற்றி நடுவில் அகலப் பாதை விடுவதாகச் சொல்கிறான். டீலரிடம் ஒன்று மட்டும் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்: சீட்டை இரண்டு அங்குலம் பின்னால் போல்ட் போட்டுத் தள்ளினால் வாரண்டி போகாது என்று. வாயால் எல்லாரும் சொல்கிறார்கள், லெட்டர்பேடில் எழுதத்தான் இன்னும் யாரும் முன்வரவில்லை.